ஓமோனும் சுரப்பியும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அகஞ்சுரக்கும் தொகுதி என்ற பாடம் தொடங்குகிற கிழமையில் வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் நாலைந்து பேர் போகாமல் நிற்பார்கள். கையில் அம்மாவின் அல்லது அப்பம்மாவின் இரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கும், பொலித்தீன் பைக்குள் நாலாக மடித்தபடி. அயலட்டையில் உள்ளவர்களும் படலையில் நின்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன், கேட்டவர்களின் வாயில் வந்தபடியே. நான் டொக்டர் இல்லை, ஆகவே இதை வாசித்துவிட்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால் கிளினிக்கில் சொல்வதும் விளங்கும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

டீச்சர், ஓமோன் ஓமோன் எண்டுறீங்கள், அது உண்மையில என்ன சாமான்?

உடம்பில் ஓரிடத்தில் உண்டாகி, இரத்தத்தில் கலந்து, தூரத்தில் இருக்கிற இன்னோர் இடத்துக்குப் போய் "இதைச் செய்", "இதை நிறுத்து" என்று சொல்கிற இரசாயனப் பொருள். சிலர் ஹோர்மோன் என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். அளவு மிகக் கொஞ்சம், வேலை மிகப் பெரிது.

இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்குப் பிடித்தது சேவல் கதை. 1849இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்பவர் சேவல் குஞ்சுகளின் விதைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவை வளர்ந்தபோது கொண்டை சிறுத்துப்போனது, கூவவில்லை, மற்றச் சேவலோடு சண்டைக்கும் போகவில்லை. வேறு சில குஞ்சுகளுக்கு எடுத்த விதையை வயிற்றுக்குள் இன்னோர் இடத்தில் வைத்தார். அவை கொண்டை வளர்த்துக் கூவித் திரிந்தன! பிறகு வெட்டிப் பார்த்தால் அந்த விதைக்கு நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை, புதிதாக முளைத்த இரத்தக் குழாய்கள்தான் இருந்தன. அப்படியென்றால் கூவச் சொல்கிற செய்தி இரத்தத்தில்தான் போயிருக்க வேண்டும். ஓமோன் என்ற பெயரை ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் 1905இல் வைத்தார், கிரேக்கத்தில் தூண்டிவிடுதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து.

வேர்வை வாறதும் எச்சில் வாறதும் சுரப்பியிலதானே? பிறகென்ன வித்தியாசம்?

கான்தான் வித்தியாசம். வீட்டுக் கான் வழியாகத் தண்ணீர் ஓடுகிற மாதிரி, வேர்வைக்கும் உமிழ்நீருக்கும் தாங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கென்று சொந்தக் குழாய் இருக்கிறது. தைரொயிட், கபச்சுரப்பி, அதிரினல் இவற்றுக்குக் கான் கிடையாது. சுரந்ததை நேரே இரத்தத்துக்குள் விட்டுவிடும்.

சதையி மட்டும் இரண்டு வேலையும் பார்க்கிறது. அதன் பெரும்பகுதி சமிபாட்டு நீரைக் கான் வழியே குடலுக்கு விடுகிறது. அதற்குள்ளே ஆங்காங்கே தீவு தீவாகக் கலக்கூட்டங்கள் இருக்கின்றன, 1869இல் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் கண்டு எழுதியவை. மொத்தச் சதையியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். இன்சுலின் வருவது அந்தத் தீவுகளில் இருந்துதான்.

இரத்தத்தோட உடம்பு முழுக்கப் போகுதெண்டால், ஏன் எல்லா இடத்திலயும் வேலை செய்யேல்ல?

நல்ல கேள்வி, இது விளங்கினால் பாதிப் பாடம் முடிந்தது. ஓமோன் எல்லாக் கலத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது, ஆனால் அதற்குரிய வாங்கி, அதாவது அந்த ஓமோனைப் பிடிக்கிற மூலக்கூறு, உள்ள கலம்தான் அதைப் பிடித்துக்கொள்ளும். கோயில் மணி ஊர் முழுக்கக் கேட்கும், பூசைக்குப் போக வேண்டியவர்தான் எழும்புவார், மற்றவர் தன் வேலையைப் பார்ப்பார். அதே மாதிரித்தான்.

ஒரே ஓமோனுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமான வாங்கி இருந்தால் இரண்டு விதமான பலன் வரும். அதிரனலின் தோலுக்குப் போகிற இரத்தக் குழாயைச் சுருக்கும், காற்தசைக்குப் போகிறதை விரிக்கும். பயந்தவரின் முகம் வெளிறுவதும் ஓடக் கால் பலம் பெறுவதும் ஒரே நேரத்தில் நடப்பது அதனால்தான்.

எத்தனை சுரப்பி இருக்கு, அதில ஆர் பெரியாள்?

கபச்சுரப்பி, கூம்புச் சுரப்பி, கழுத்தில் உள்ள தைரொயிட், அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் நான்கு பரதைரொயிட்டுகள், இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி மாதிரி இருக்கிற அதிரினல், சதையி, பெண்ணுக்குச் சூலகம், ஆணுக்கு விதை. பாடப் புத்தகப் பட்டியல் இவ்வளவுதான். ஆனால் சிறுநீரகமும் குடலும் இதயமும் உடற்கொழுப்புமே ஓமோன் விடுகின்றன. சிறுநீரக வருத்தக்காரருக்கு இரத்தச்சோகை வருகிறதே, செங்கலம் உண்டாக்கச் சொல்கிற எரித்ரோபொயற்றின் என்ற ஓமோன் சிறுநீரகத்திலிருந்து வருவதுதான் காரணம்.

பெரியாள் என்று கபச்சுரப்பியைத்தான் சொல்வார்கள். மூளைக்கு அடியில் ஒரு பட்டாணிக் கடலை அளவில், அரைக் கிராம் நிறையில் தொங்குகிறது. ஆனால் அதற்கும் மேலே பரிவகக்கீழ் இருக்கிறது. மூளையின் அந்தச் சிறு பகுதி சொல்ல, கபச்சுரப்பி கேட்டு, தைரொயிட்டுக்கும் அதிரினலுக்கும் சூலகத்துக்கும் கட்டளை அனுப்புகிறது.

சீனி சாப்பிட்டதாலதான் சீனி வருத்தம் வாறதோ?

உங்கள் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. சுகமாக இருக்கிற ஒருவருக்குச் சாப்பிடாமல் இருக்கையில் அதில் உள்ள குளுக்கோசை எல்லாம் சேர்த்தால் 5 கிராம் வரும், ஒரு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டிதான்! வெறுவயிற்றில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்கிறார்கள், அந்த அளவில் கணக்குப் பார்த்தால் 6 கிராமும் சொச்சமும். சுகத்துக்கும் வருத்தத்துக்கும் இடையில் கால் தேக்கரண்டி. இதை வகுப்பில் கரண்டியும் சீனியும் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

இப்போது ஒரு கோப்பைச் சோறு சாப்பிடுங்கள். சமிபாடடைந்தால் அதிலிருந்து 45 கிராம் அளவில் குளுக்கோசு வரும், இரத்தத்தில் இருப்பதைப்போல ஒன்பது மடங்கு. அத்தனையையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஈரலுக்கும் தசைக்கும் கொழுப்புக்கும் அனுப்பி, இரத்தத்தைத் திரும்ப ஒரு தேக்கரண்டிக்குக் கொண்டுவருவது இன்சுலின். இன்சுலின் இல்லாமல் போனால் முதலாம் வகை நீரிழிவு, பெரும்பாலும் சின்ன வயதில். இருந்தும் கலங்கள் அதன் சொல்லைக் கேளாமல் போனால் இரண்டாம் வகை, நம்மிடையே கூடுதலாக இருப்பது இதுதான். சீனி நேரே அதை உண்டாக்குவதில்லை. பரம்பரையும் வயிற்றுக் கொழுப்பும் நடக்காமல் இருப்பதும் சேர்ந்து உண்டாக்குகின்றன, ஆகவே "நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுறேல்ல, எனக்கு வராது" என்பதும் பிழை. புட்டும் இடியப்பமும் உள்ளே போனதும் குளுக்கோசுதான்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் சாப்பிடாமல் இருக்கினம், சீனி இறங்கி மயங்கி விழாயினமோ?

சுகமான உடம்பு தாங்கும். சீனியை இறக்க இன்சுலின் ஒன்றுதான் இருக்கிறது, ஏற்ற குளுக்ககன், அதிரனலின், கோட்டிசோல், வளர்ச்சி ஓமோன் என்று நாலு பேர் இருக்கிறார்கள். மனிதன் பட்டினியோடு வாழ்ந்து வந்தவன், உடம்பு அதற்கேற்றபடி அமைந்திருக்கிறது. முதல் நாளில் குளுக்ககன் ஈரலைப் பார்த்துச் சேமிப்பை விடச் சொல்லும். அந்தச் சேமிப்பு ஒரு நாளளவில் முடியும். பிறகு ஈரல் புரதத்தில் இருந்து குளுக்கோசு செய்யும், கொழுப்பு எரியத் தொடங்கும், மூளையும் கொழுப்பிலிருந்து வரும் கீற்றோனில் ஓடப் பழகிவிடும். விரதகாரரின் மூச்சில் ஒரு தனி மணம் வருகிறதே, அது கீற்றோன்.

நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்களும் சீனியை இறக்கும் குளிசை போடுகிறவர்களும் இதைப் பார்த்து இருந்துவிடக் கூடாது. மருந்து உள்ளே போனபின் அது சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காது. விரதத்துக்கு இரண்டு கிழமை முதலே கிளினிக்கில் கேளுங்கள்.

தைரொயிட்டுக்குக் குளிசை இருக்கு, இன்சுலினுக்கு மட்டும் ஏன் ஊசி?

இன்சுலின் புரதம். விழுங்கினால் வயிற்றுக்கு அது இன்னொரு மீன் துண்டுதான், சமித்துவிடும். தைரொயிட் விடுகிற ஓமோனான தைரொக்சின் சின்ன மூலக்கூறு, அப்படியே குடலால் உறிஞ்சப்படும். கொலஸ்திரோலில் இருந்து உண்டாகிற கோட்டிசோல், ஈஸ்ரோஜன் போன்றவையும் வயிற்றில் சமித்துப்போவதில்லை, அதனால்தான் ஸ்ரீரோயிட் குளிசையும் கருத்தடைக் குளிசையும் கடையில் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வையுங்கள், கீழே கோழிக் கேள்வியில் திரும்ப வரும்.

1922 ஜனவரியில் கனடாவின் ரொறொன்ரோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி சரிவரவில்லை, மருந்து போதிய சுத்தம் இல்லை. இன்னும் சுத்திகரித்துச் சில நாட்களில் திரும்பப் போட, சாகக் கிடந்த பையன் எழும்பினான். அதற்கு முன் இந்த வருத்தம் வந்த பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைத்து நாளை எண்ணுவதைத் தவிர வழியில்லை. ஊசிக்குப் பயந்து பிள்ளைக்கு ஒரு நேரம் தவிர்க்கிற தாய்மாருக்கு இதைத்தான் சொல்வேன்.

அம்மான்ர ரிப்போட்டில ரி.எஸ்.எச் கூட எண்டு கிடக்கு. அப்ப தைரொயிட் கூடிப்போச்சோ?

பெரும்பாலும் குறைந்துபோச்சு என்றுதான் அர்த்தம். இந்தக் கேள்விதான் எனக்கு மிகக் கூடுதலாக வருவது.

ரி.எஸ்.எச் தைரொயிட்டில் இருந்து வருவதில்லை, கபச்சுரப்பியில் இருந்து வருவது. "தைரொக்சின் விடு" என்று தைரொயிட்டைக் கூப்பிடுகிற குரல் அது. பிள்ளை முற்றத்தில் விளையாடுகிறது, தாய் குசினியில் இருந்து கூப்பிடுகிறாள். பிள்ளை "ஓம்" என்றால் குரல் தணியும். பதில் இல்லாவிட்டால் என்ன செய்வாள்? பலத்துக் கூப்பிடுவாள், இன்னும் பலத்துக் கூப்பிடுவாள். இரத்தத்தில் தைரொக்சின் போதிய அளவு இருந்தால் அதுவே மூளைக்குப் போய் ரி.எஸ்.எச்சைத் தணிக்கும், குறைந்தால் ரி.எஸ்.எச் ஏறும். தாளில் ரி.எஸ்.எச் 15 என்று இருந்தால் தாய் கத்திக்கொண்டு நிற்கிறாள், பிள்ளை பதில் சொல்லவில்லை. 0.01 என்று இருந்தால் பிள்ளை வீட்டுக்குள்ளேயே நின்று கத்துகிறது, தாய் வாயை மூடிவிட்டாள், அதாவது தைரொயிட் கூடுதலாகச் சுரக்கிறது. வளர்ந்தவருக்கு வழமையான அளவு ஏறக்குறைய 0.4 தொடக்கம் 4 வரை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும், ஆகவே உங்கள் தாளில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எல்லையைப் பாருங்கள்.

பலனே திரும்பிப்போய்த் தன் காரணத்தைக் கட்டுப்படுத்துகிற இந்த ஒழுங்கை எதிர்ப் பின்னூட்டல் என்கிறோம். மேற்தாங்கிக்குள் இருக்கிற மிதவை தண்ணீர் நிரம்பினதும் எழும்பிக் குழாயை அடைப்பதும் இதுதான். ஓமோன் பாடத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைக்க முடியும் என்றால் இந்த மிதவையை வையுங்கள்.

அந்தக் குளிசையை ஏன் விடிய வெறுவயிற்றில போடச் சொல்லினம்? ஒரு வாய்த் தேத்தண்ணியும் குடிக்கேலாதோ?

வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை பொறுங்கள், பிறகு தேத்தண்ணி. சாப்பாடும் தேத்தண்ணியும் கோப்பியும் தைரொக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கல்சியக் குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் இன்னும் மோசம், நாலு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். எங்கள் அம்மாமாருக்கு மூன்று குளிசையும் ஒரே பைக்குள் வரும், ஒரே கை மடலில் கொட்டி ஒரே மிடறில் விழுங்கிவிட்டு "குளிசை வேலை செய்யுதில்லை" என்பார்கள். மருந்தில் பிழை இல்லை, சேர்த்த கூட்டில்தான் பிழை.

ஒரு நாள் மறந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே போன தைரொக்சின் பாதியாகக் குறைய 7 நாளளவு எடுக்கும். அதே காரணத்தால்தான் அளவை மாற்றி 6 தொடக்கம் 8 கிழமைக்குப் பிறகு திரும்ப இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள், அடுத்த கிழமையே பார்த்தால் அந்த இலக்கம் எதையும் சொல்லாது. "இப்ப சுகம்" என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்களுக்கும் இதே கணக்கு ஏமாற்று வேலை செய்கிறது: நிறுத்தி ஒரு மாதம் நன்றாக இருக்கும், பிறகுதான் அலுப்பும் மலச்சிக்கலும் குளிரும் மெல்ல மெல்ல வரும், அப்போது குளிசையை நிறுத்தினதை மறந்தே போயிருப்பார்கள்.

மரவள்ளிக்கிழங்கும் கோவாவும் சாப்பிட்டால் கழலை வருமாமே?

கழுத்து வீங்குவது கூப்பிட்ட குரலின் விளைவு. தைரொக்சின் செய்ய அயடீன் வேண்டும். அயடீன் இல்லாவிட்டால் தைரொக்சின் குறையும், மேலே சொன்னபடி ரி.எஸ்.எச் ஏறும், அது தைரொயிட்டைத் தூண்டித் தூண்டிப் பெருக்க வைக்கும். மரவள்ளியில் உள்ள சயனைட்டை உடம்பு தயோசயனேற்று என்ற பொருளாக மாற்றும், அது தைரொயிட்டுக்குள் அயடீன் போவதோடு போட்டிக்கு நிற்கும். மூன்று நேரமும் மரவள்ளிதான், உப்பிலும் அயடீன் இல்லை என்ற நிலையில் இருக்கிற நாடுகளில் இது பெரிய பிரச்சினை. கிழமையில் ஒரு நாள் அவித்துத் தண்ணீரை வடித்துச் சம்பலோடு சாப்பிடுகிற நமக்கு இல்லை, கோவாவும் அப்படித்தான். மரவள்ளியும் இஞ்சியும் சேரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது வேறு கதை, அதற்கும் தைரொயிட்டுக்கும் தொடர்பில்லை.

"கடலில விளைஞ்ச உப்புத்தானே, அயடீன் இருக்கும்தானே" என்று கேட்பார்கள். ஆனையிறவில் விளைந்தாலும் வேறெங்கே விளைந்தாலும் கடலுப்பில் தானாக இருக்கிற அயடீன் போதாது, சேர்க்க வேண்டும். இலங்கையில் பழைய கண்டக்கழலை வலயம் என்பது தென்மேற்கு மழைப் பக்கம். 1995 முதல் நாடு முழுவதும் உப்புக்கு அயடீன் சேர்க்கிறார்கள். வாங்கின உப்பை மூடி வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த சிரட்டையில் வைத்தால் அயடீன் போய்விடும்.

சோதனை மண்டபத்துக்குள்ள போகேக்க நெஞ்சு அடிக்குது, கை வேர்க்குது. இது ஓமோனோ நரம்போ?

இரண்டும். முதல் ஒரு செக்கன் நரம்பு. அந்த நரம்பே அதிரினல் சுரப்பியின் நடுப்பகுதியைத் தட்ட, அதிரனலின் இரத்தத்தில் கொட்டும். அதன் ஆயுள் ஒரு சில நிமிடங்கள்தான், வினாத்தாளைத் திருப்பி முதல் கேள்வியை எழுதத் தொடங்க அடங்கிவிடும்.

சோதனைக்கு முந்தின மூன்று மாதமும் நித்திரை இல்லாமல் கிடக்கிறீர்களே, அது கோட்டிசோல் பக்கத்து விஷயம், அதே சுரப்பியின் வெளிப்பகுதியில் இருந்து வருவது. அது விடியப்புறம் உச்சத்துக்கு ஏறி நடுச்சாமத்தில் இறங்கும் ஓமோன், உங்களை எழுப்புவதில் அதற்குப் பங்கு உண்டு. சாமம் இரண்டு மணி வரை விளக்கையும் போனையும் பார்த்துக்கொண்டிருந்தால், இருட்டில் மட்டும் கூம்புச் சுரப்பி விடுகிற மெலற்றோனின் குறைந்து இந்தத் தாளமே குழம்பும். வளர்ச்சி ஓமோனும் ஆழ்ந்த நித்திரையில்தான் கூடச் சுரக்கும். முதலில் நித்திரை கொள்ளுங்கள் பிள்ளைகள், மிச்சத்தை விடிய எழும்பிப் படிக்கலாம்.

புரொயிலர் கோழிக்கு ஓமோன் ஊசி போடினமாம், அதாலதான் பெம்பிளைப் பிள்ளையள் கெதியாப் பெரியபிள்ளை ஆகினமோ?

கோழியின் வளர்ச்சி ஓமோன் புரதம். தீனியில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே சமித்துப்போகும், இன்சுலின் கேள்வியில் சொன்ன அதே காரணம். ஊசியாகப் போடுவதென்றால் ஆயிரக்கணக்கான கோழிகளில் ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும், எந்தப் பண்ணைக்கும் கட்டாது. அவை 5, 6 கிழமையில் வளர்வது தலைமுறை தலைமுறையாகக் கெதியில் வளர்கிறதையே தெரிந்து இனம்பெருக்கினதாலும் தீனியாலும். கோழிக்குத் தேவையில்லாமல் நுண்ணுயிர்கொல்லி கொடுப்பது பற்றிக் கவலைப்படுங்கள், அது உண்மையான கவலை.

பிள்ளைகள் முந்தியை விட வேளைக்குப் பெரியபிள்ளை ஆகிறார்கள் என்பது சரி. நல்ல சாப்பாடும் கூடின உடற்கொழுப்பும் பெரிய காரணங்கள். கொழுப்புக் கலங்கள் லெப்ரின் என்ற ஓமோனை விடுகின்றன, "சேமிப்பு இருக்கிறது" என்று மூளைக்கு அது சொல்கிற செய்தி. 8 வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினால் காத்திருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

மகளுக்கு மாதச் சுகவீனம் ஒழுங்கில்லை, ஸ்கானில சூலகத்தில நிறையக் கட்டி எண்டினம். கான்சரோ?

இல்லை. கட்டி என்று சொல்வதால்தான் இந்தப் பயம். முட்டை முதிர வேண்டிய சின்னச் சின்ன நீர்ப்பைகள் அவை, பாதியில் நின்றுவிட்டன. பி.சி.ஓ.எஸ் என்று சொல்வது இந்த நிலையைத்தான். கபச்சுரப்பியில் இருந்து வரும் கட்டளை சமநிலை குழம்பியும் இன்சுலின் கூடியும் சூலகத்தை ஆண் ஓமோன் பக்கம் தள்ளுகின்றன, அதனால் முட்டை வெளிவருவதில்லை, மாதவிடாய் தள்ளிப்போகிறது, நாடியில் மயிர் முளைக்கிறது, முகப்பரு நிற்காமல் வருகிறது. உடல்நிறை கூடின பிள்ளைக்கு அதில் நூற்றுக்கு 5 தொடக்கம் 10 குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரும்.

பெரியபிள்ளையாகி முதல் இரண்டு மூன்று வருடம் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. 13 வயதுப் பிள்ளைக்கு ஸ்கான் எடுத்து இந்தப் பெயரைச் சூட்ட அவசரப்படக் கூடாது. நாடியில் மயிர் என்று பிள்ளையை வீட்டிலேயே கேலி செய்கிறார்கள், தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வகுப்பில் கையால் வாயை மறைத்துக்கொண்டு கதைக்கிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

உடம்பில இன்சுலின் கூட இருக்கு எண்டிறியள், சீனியும் கூட எண்டிறியள். ரெண்டும் எப்பிடி ஒண்டா?

மூன்றாவது கேள்விக்குத் திரும்பப் போங்கள். செய்தி போகிறது, வாங்கி இருக்கிறது, ஆனால் வாங்கிக்கு உள்ளே கலத்துக்குள் அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. ஈரலிலும் தசையிலும் கொழுப்பு சேர்ந்தால் இப்படி ஆகும். சீனி இறங்காததைக் கண்டு சதையி இன்னும் இன்சுலினை விடுகிறது, தாய் பலத்துக் கூப்பிட்ட மாதிரித்தான். பல வருடம் இப்படி ஈடுகொடுத்து, பிறகு களைத்து, சுரப்பதே குறையத் தொடங்கும். வேலை செய்கிற தசை இன்சுலின் சொல்லாமலே குளுக்கோசை உள்ளே எடுக்கும் என்பதால்தான் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கச் சொல்கிறார்கள்.

முட்டு வருத்தத்துக்குக் குடுத்த ஸ்ரீரோயிட் குளிசையை நிப்பாட்டினால் என்ன? உடம்பு ஊதுது.

உடனே நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மிதவையை நினையுங்கள். அந்தக் குளிசை கோட்டிசோலின் வேலையைச் செய்கிறது, இரத்தத்தில் போதிய அளவு இருப்பதைக் கண்டு கபச்சுரப்பி அதிரினலைக் கூப்பிடுவதை நிறுத்திவிடும். மூன்று கிழமைக்கு மேல் போனால் அதிரினலின் வெளிப்பகுதி வேலையின்றிச் சுருங்கத் தொடங்கும். திடீரென்று குளிசையை நிறுத்தினால் உள்ளே கோட்டிசோல் தர ஆளில்லை: வாந்தி, பிரஷர் விழுதல், மயக்கம். டொக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்தால் சுரப்பி எழும்ப நேரம் கிடைக்கும். இழுக்கிற பம்பில் உள்ள அளவு மிகக் குறைவு, அதை இதோடு சேர்த்துக் குழம்ப வேண்டாம்.

பெயர் எழுதாத பொட்டலத்தில் வாங்கின மருந்து மூட்டு நோவை இரண்டு நாளில் மாயமாகப் போக்கினால் சந்தேகப்படுங்கள். அதற்குள் ஸ்ரீரோயிட் இருந்தால் இதே கதிதான்.

எல்லாத்துக்கும் மிதவை எண்டால், பிள்ளைப்பேற்று நோ மட்டும் ஏன் கூடிக்கூடிப் போகுது?

மிதவை இல்லாத இடமும் உண்டு. பிள்ளையின் தலை கருப்பைக் கழுத்தை அமர்த்த, ஒட்சிற்றோசின் வருகிறது. அது கருப்பையைச் சுருக்க, தலை இன்னும் அமர்த்துகிறது, இன்னும் வருகிறது. பிள்ளை வெளியே வந்தால்தான் நிற்கும்.

பால் இறங்குவதும் இதே ஓமோன்தான். மாடு வளர்க்கிற வீட்டில் நான் வளர்ந்ததால் இது எனக்குப் புத்தகத்துக்கு முதலே தெரியும். கன்றை அவிழ்த்துவிட்டு இரண்டு முறை முட்டவிட்டால்தான் பசு சுரக்கும், மடி கனத்துக் காம்பு விறைக்கும், பிறகு கன்றைக் கட்டிவிட்டு அம்மம்மா செம்போடு குந்துவா. நாய் குரைத்தாலோ புது ஆள் வந்தாலோ பசு பாலை ஒளித்துவிடும். மடியில் பால் இருக்கும், வராது. பாலை உண்டாக்குவது புரோலக்ரின், வெளியே தள்ளுவது ஒட்சிற்றோசின், பயம் இரண்டாவதைத் தடுக்கும். பிள்ளை பெற்ற பெண்ணைச் சுற்றி நின்று "பால் காணாது, காணாது" என்கிற பெரியவர்கள் செய்கிற கெடுதலும் இதுதான்.

கடைசியா ஒண்டு டீச்சர். தைரொக்சினும் குறைவு, ரி.எஸ்.எச்சும் குறைவு எண்டு வந்தால்?

போன வருடம் ஒரு மாணவி கேட்டாள், எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பிள்ளை பதில் சொல்லவில்லை, தாயும் கூப்பிடவில்லை. அப்படியென்றால் தாயின் குரல்தான் போயிருக்க வேண்டும், பிரச்சினை தைரொயிட்டில் அல்ல, கபச்சுரப்பியில் அல்லது பரிவகக்கீழில். ரி.எஸ்.எச் மட்டும் பார்த்து "குறைவாத்தான் இருக்கு, தைரொயிட் கூடிப்போச்சு" என்று முடிவெடுத்தால் நேர் எதிராகப் போய்விடும்.

கட்டியாலும் வரலாம். ஆனால் எங்கள் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று. கர்ப்பகாலத்தில் கபச்சுரப்பி பெருத்திருக்கும். பிள்ளைப்பேற்றில் கடுமையாக இரத்தம் போய்ப் பிரஷர் விழுந்தால் அதற்கு இரத்தம் போதாமல் ஒரு பகுதி செத்துப்போகலாம். அந்தத் தாய்க்குப் பால் சுரக்காது, மாதவிடாய் திரும்ப வராது, அக்குள் மயிர் உதிரும், எப்போதும் அலுப்பும் குளிருமாக இருக்கும். "பிள்ளை பெத்த உடம்பு" என்று பத்துப் பதினைந்து வருடம் இப்படியே போய்விடுவதும் உண்டு. இவர்களுக்குக் கோட்டிசோலும் சேர்ந்தே குறைந்திருக்கலாம் என்பதால் டொக்டர்மார் முதலில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் தைரொக்சினைத் தொடங்குவார்கள். தைரொக்சினை முதலில் கொடுத்தால் உடம்பின் வேகம் கூடும், இருக்கிற கொஞ்சக் கோட்டிசோலும் கெதியாகச் செலவாகி ஆள் விழுந்துபோகலாம். ஆகவே இப்படி இரண்டும் குறைந்த தாள் கையில் கிடைத்தால், பிள்ளைப்பேறு எப்படி இருந்தது, பால் வந்ததா என்பதையும் டொக்டருக்கு நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை இருக்க வேண்டாம்.